கோவைத்தழையும் தொட்டிக்கரியும்: எங்கள் பள்ளிச் செய்திப் பலகைக்கு மறுபடியும் கறுப்பு

எங்கள் பள்ளி காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே உள்ள ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. வாயிலுக்கு இடப்பக்கம், சுற்றுச்சுவரின் வெளிமுகத்தில், 8 அடிக்கு 4 அடி அளவில் சிமென்ட் கரும்பலகை ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். காலையில் பிள்ளைகள் அதில் எழுதும் செய்தியைத் தலைமையாசிரியருக்கு முன்பே படித்துவிடுவது சந்தைக்குப் போகும் பாட்டிகளும் எண்ணெய் ஆலை வேலைக்குப் போகும் பெண்களும்தான். ஒரு குறள், பள்ளிச் செய்தி இரண்டு, ஊர்ச் செய்தி ஒன்று, செய்தித்தாளிலிருந்து ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு அட்டவணை, கண் பரிசோதனை முகாம், கபடியில் நம் பெண்கள் வட்டார அளவில் வென்றது எல்லாம் ஊருக்கு முதலில் தெரிந்தது அந்தப் பலகை வழியாகத்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்தப் பலகையில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. கீழ்ப்பாதி முழுவதும் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, தொட்டால் கறுப்புத் தோல் உரிந்து கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேல்பாதி கெட்டியாக இருந்தாலும் சுண்ணக்கட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நல்லெண்ணத்தோடு யாரோ அதில் கறுப்பு எண்ணெய்ப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தது, அதுதான் வம்பு. சுண்ணக்கட்டி தேய்ந்து ஒட்டுவதற்குப் பலகையில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். பளபளப்பில் எழுத்தும் பிடிக்காது, வெயில் பட்டால் எதிரே நிற்பவருக்குக் கண்ணும் கூசும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பேசாமல் ஒரு பிளெக்ஸ் பலகை வைத்துவிடலாம், செய்தியைப் பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் போட்டுவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பேசிக் குழுவில் இருப்பவர்கள் பெற்றோர் மட்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மொத்த ஊர். தான் எழுதிய வரியை முன்பின் தெரியாத ஒருவர் நின்று வாய்விட்டுப் படிப்பதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்க்கிறது பாருங்கள், அதற்கு ஈடாக எந்தப் பயிற்சியும் கிடையாது. பலகையை நாமே சரிசெய்வோம் என்று முடிவாயிற்று.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பாரு (தாத்தா) நாற்பது ஆண்டு கொத்து வேலை பார்த்தவர். வந்து பலகையைப் பார்க்கவே இல்லை. நேரே சுவருக்கு உட்பக்கம் போய்க் குடிநீர்க் குழாய்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் நின்றார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, நோவு இந்தப் பக்கம் இருக்கிறதுங்க. அந்தப் பக்கம் மருந்து போட்டு என்ன பிரயோசனம்?" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் சோதித்துப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இரண்டு சோதனைகள் செய்தோம். ஈரக்கறையின் ஓரத்தைத் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பென்சிலால் கோடிட்டுத் தேதி போட்டார்கள். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்துச் சுவரில் ஒட்டினோம். காற்றிலிருக்கும் ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் நீர் கோக்கும். சுவரிலிருந்து வரும் ஈரம் என்றால் உட்பக்கம் கோக்கும். மறுநாள் காலை உட்பக்கம் முத்து முத்தாகத் துளிகள். அடுத்த இரண்டு நாள் குழாய்க்குப் போகும் வால்வை அடைத்துவைத்து, பிள்ளைகளுக்குக் குடத்தில் தண்ணீர் வைத்தோம். பென்சில் கோட்டிலிருந்து கறை இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. வால்வைத் திறந்த அன்றே மறுபடியும் ஏறத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆண்டு முழுக்க அறிவியல் நடத்தினாலும் இந்த நான்கு நாள் அளவுக்கு அவர்கள் மனத்தில் பதிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சுவரை அரை அடி அகலத்துக்குக் கொத்திப் பார்த்தபோது உள்ளே பதித்திருந்த பழைய இரும்புக் குழாயின் எல்போ (வளைவு இணைப்பு) துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. பதித்த குழாயையே முழுவதும் கழித்துவிட்டு, சுவருக்கு வெளியே கிளாம்பு அடித்துப் பிவிசி குழாய் போட்டார் பிளம்பர். இனி கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். குழாயடியில் சிந்தும் தண்ணீர் சுவர் ஓரமாகத் தேங்காமல் வேப்பமரத்துப் பாத்திக்குப் போக ஒரு சிறு வாய்க்காலும் கட்டினோம்.

பிறகு பெயின்ட்டை முழுவதும் சுரண்டினார்கள். எண்ணெய்ப் பெயின்ட்தான் ஈரத்தை வெளியே போகவிடாமல் அடைத்துவைத்து, அந்த அழுத்தத்தில் கொப்பளித்திருக்கிறது. பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போன ஒருவனைத் தடுத்தேன். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளத்தான் வேண்டும். நான்கு முறை தேய்த்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கழித்து மறுபடியும் கொஞ்சம் பூத்தது, நான்காவது முறைக்குப் பிறகு நின்றது. பழைய பூச்சில் பொருபொருத்துப்போன இடங்களையெல்லாம் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்ததில், பலகை முழுவதற்கும் புதுப் பூச்சு என்று ஆகிவிட்டது.

எவ்வளவு சிமென்ட் வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கால் மூட்டைக்குச் சற்றுக் கூட" என்றார். வகுப்பில் கணக்குப் போட்டோம். பரப்பு 32 சதுர அடி. பூச்சின் கனம் அரை அங்குலம், அதாவது ஓர் அடியில் 24-இல் ஒரு பங்கு. 32-ஐ 24-ஆல் வகுத்தால் 1.33 கன அடிக் கலவை. தண்ணீர் சேர்த்ததும் கலவை அமுங்கும் என்பதால் காய்ந்த பொருள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும், சுமார் 1.8 கன அடி. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற விகிதத்தில், ஐந்தில் ஒரு பங்கான சிமென்ட் 0.36 கன அடி. ஒரு 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 1.25 கன அடி. ஆக, 14 கிலோவை ஒட்டி வருகிறது. கால் மூட்டை 12.5 கிலோ, சற்றுக் கூட என்றால் 14. கரும்பலகையில் விடை வந்து நின்றதும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பெரியவரின் பேத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

சிமென்ட் கலவையில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அது தோலை அரிக்கும். எம்-சாண்ட் சலித்தது, நூல் பிடித்தது, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துச் சொன்னது அவர்கள். கரணையும், பூச்சைத் தேய்த்துவிடும் மணியாசுக்கட்டையும் பெரியவர் கையில். இழுத்து மட்டம் செய்ததும் வழக்கமாகச் சிமென்ட் பால் தெளித்து வழவழவென்று தேய்ப்பார்கள். இங்கே அது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மணியாசுக்கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் ஒரு முறை ஒற்றி விட்டுவிட்டார். விரலால் தடவினால் பூனை நாக்குப் போல மெல்லிய சொரசொரப்பு.

இங்கேதான் காற்று குறுக்கே வந்தது. ஆனி பிறந்தாலே எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தொடங்கிவிடும். மேற்கே கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை மறைவில் இருக்கும் நமக்கு வறட்டுக் காற்றை மட்டும் அனுப்பும். தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அது தீனி. புதுப் பூச்சுக்கு அது எமன். சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். மேல்பரப்பு அதற்கு முன்பே காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சணல் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காற்று இரண்டு சாக்குகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் வலப்பக்க மேல்மூலையில் மயிரிழை போல வெடிப்புகள், சிலந்தி வலை விரித்த மாதிரி.

எனக்கு மனம் ஒடிந்துபோயிற்று. ஜூலை 15, காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். அன்று பலகையைத் திறக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பெரியவர் கரணையின் பிடியால் பூச்சைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கெட்டியாகப் பிடித்த இடம் கணீரென்று ஒலித்தது. வெடித்த மூலையில் ஒரு முறம் அளவு இடம் மட்டும் பொத்தென்று ஒலித்தது. "இது சுவரை விட்டுவிட்டதுங்க. மற்றது போகாது" என்று சொல்லி, அந்த மூலையை மட்டும் கொத்தி, ஓரத்தை நனைத்து, மறுபடியும் பூசினார். இந்த முறை சாக்குகளின் மேல் குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டினோம். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை பத்து நாள் தண்ணீர் தெளித்தார்கள். சனி, ஞாயிறுக்கு யார் வருவது என்று பட்டியல் போட்டது எட்டாம் வகுப்பு. கல்வி வளர்ச்சி நாள் செய்தியைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்க மட்டுமே முடிந்தது.

இனிக் கறுப்பு. என் பள்ளி நாட்களில் மாதம் ஒரு முறை வெள்ளிக்கிழமை மாலையில் நாங்களே பலகைக்குக் கரி பூசுவோம். கோவை இலை, ஊமத்தை இலை, அடுப்புக்கரி சேர்த்து அரைப்பது வழக்கம். இந்த முறை ஊமத்தையை நான் சேர்க்கவிடவில்லை. அது நஞ்சு. சாறு கண்ணில் பட்டாலே பாவை விரிந்து பார்வை மங்கிவிடும். கோவை மட்டுமே போதும் என்பதை முதலில் ஒரு செங்கல்லில் பூசிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

கோவைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மேய்ச்சல் நிலமான கொறங்காடுகளைச் சுற்றி உயிர்வேலியாக நிற்கும் கிளுவையின் மேலெல்லாம் கோவைக்கொடி படர்ந்து கிடக்கும். பழம் பழுத்தால் கிளிக்குத் தெரியும், தழை எங்கே என்று ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு போசி (பாத்திரம்) நிறையப் பறித்துக்கொண்டு வந்தான். முற்றிய இலையைத் தள்ளிவிட்டு நடுத்தர இலையாகப் பறித்திருந்தான். "முற்றினதில் சாறு இருக்காதுங்க டீச்சர்" என்றான்.

கரிக்குத் தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி. காங்கேயத்தைச் சுற்றி எத்தனை தேங்காய்க் களம், எத்தனை எண்ணெய் ஆலை என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். கொப்பரை எடுத்த பிறகு தொட்டிகள் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். ஆளுக்கு நான்கு தொட்டி என்று கொண்டுவந்தார்கள். ஆய்வகப் பணியாளர் மைதானத்து ஓரத்தில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, தொட்டிகளை அடுக்கித் தீ வைத்தார். புகை அடங்கி எல்லாம் செக்கச்செவேலென்று தணலான நேரம் பார்த்து ஈரமண் போட்டு மூடினார். மூடாமல் விட்டால் காற்று கிடைத்துச் சாம்பலாகிவிடும், மூடினால் கரி. மறுநாள் திறந்தபோது உள்ளே இருந்த தொட்டிகள் உருக்குலையாமல் கறுத்துக் கிடந்தன. ஒன்றையொன்று தட்டினால் வெண்கலம் போலச் சத்தம்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு இடித்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தோம். சலிக்காத கரியில் ஒரு மணல் அளவு துண்டு இருந்தாலும் பலகையில் கீறல் விழும். சமையலுக்குப் பயன்படாமல் கிடந்த ஓர் ஆட்டுக்கல்லில் தழையை முதலில் தனியாக அரைத்தோம். அரைபட்டதும் பச்சை வாடை எழுந்து, இலை வெண்டைக்காய் போல வழவழவென்று ஆனது. அந்த வழவழப்புதான் கரியைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு கரித்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஒரு போசித் தழைக்கு அரைப்போசிக் கரி என்ற அளவில், தோசை மாவைவிடக் கெட்டியாக எடுத்தோம். தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை.

பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி, தோய்த்து, மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்தார்கள். பூசினால் போதாது, தேய்க்க வேண்டும். சாறு பூச்சின் துளைகளுக்குள் இறங்கினால்தான் நிற்கும். முதல் கை பாசி பிடித்தாற்போல் பச்சையும் கறுப்புமாக அசிங்கமாக இருந்தது. பிள்ளைகளின் முகம் வாடியது. பொறுங்கள் என்றேன். ஒரு மணி நேரத்தில் காற்று பட்டுப் பச்சை மறைந்து கறுக்கத் தொடங்கியது. இரண்டாவது கை இடமிருந்து வலமாக. மூன்றாவது கை மறுநாள், மீண்டும் மேலிருந்து கீழாக. அன்று மாலை சாய்வெயிலில் நின்று பார்த்தபோது பலகையில் துளிப் பளபளப்பு இல்லை. ஈரக் களிமண் காய்ந்த மாதிரி, ஆழமான கறுப்பு.

உடனே எழுதிவிடக் கூடாது. புதுப் பலகையில் முதலில் எழுதும் எழுத்தின் தடம் துளைகளில் தங்கி, அழித்தாலும் நிழலாகத் தெரியும். சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் இழுத்து வெள்ளையாக்கி, உலர்ந்த துணியால் துடைத்தோம். அதன் பிறகு எந்த எழுத்தும் சுத்தமாக அழிகிறது.

முதல் செய்தி ஜூலை 31 அன்று. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள்: 'இந்நாள், 1805. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.' கீழே பள்ளிச் செய்தி: 'இந்தப் பலகையின் கறுப்பு எங்கள் ஊர்க் கோவைத்தழை.' எட்டரை மணி பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் எழுந்து வந்து விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை முகர்ந்தார். "எங்கள் காலத்து வாசம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

ஆகஸ்டில் ஒரு சங்கதி. பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்த செய்தியைப் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பெண் 'நம் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதிவிட்டாள். நிறுத்தத்தில் இருந்த விவசாயி ஒருவர் வாயிலில் வந்து, "கண்ணு, நம் மடைக்கு இன்னும் வரவில்லை. நான் இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம். அணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாட்கள் ஆகும். அவள் அழிக்கவில்லை. அந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே 'திருத்தம்: அணையில் திறக்கப்பட்டுள்ளது, நம் மடைக்கு இன்னும் வரவில்லை' என்று எழுதினாள். தினமும் மாலை அப்பாவோடு மடைக்குப் போய்ப் பார்த்தாள். வந்த அன்று தேதியும் நேரமும் போட்டு எழுதினாள். அந்த வாரம் முழுவதும் பலகைக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிகம் பேர் நின்றார்கள். அன்றிலிருந்து செய்திக் குழுவில் ஒரு விதி: ஊர்ச் செய்தி என்றால் நேரில் பார்த்தவர் யார் என்று ஆசிரியரிடம் சொன்ன பிறகே சுண்ணக்கட்டியை எடுக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் மேலே தகரக் கூரை இருந்தும் சாரல் அடித்துக் கீழ்வரிசை வெளுத்திருக்கிறது. பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, தட்டினால் கணீரென்கிறது. உட்பக்கச் சுவரில் பென்சில் கோடுகளைச் சுண்ணாம்பு அடிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். கடைசிக் கோட்டுக்கு மேலே ஈரம் ஏறவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் இன்னொரு கை தேய்த்துவிட வேண்டும். டிசம்பர் 22, ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுசனின் பிறந்தநாள்; அன்று பலகை முழுவதையும் கணக்குக்கே கேட்டிருக்கிறது ஒன்பதாம் வகுப்பு. தழைக்கு அதே ஏழாம் வகுப்புப் பையன். மழைக்குப் பிறகு வேலி முழுக்கத் தளிர் என்று நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனான். கரி ஒரு டின் மீதம் இருக்கிறது.